கணக்கு முகம் பார்ப்பதில்லை: சந்திரசேகரும் எண்முறைக் கணிப்பும்

பிரயோக கணிதம் பயிலும் மாணவர் பலர்க்கு ஓர் எண்ணம் உண்டு. சமன்பாடு ஒன்று தரப்பட்டால் அதன் விடை அழகிய சூத்திரமாக எங்கோ மறைந்திருக்கும். அதனைத் தேடி எடுப்பதே கணிதப் புலவனின் கடன் என்பதே அவ்வெண்ணம். பாடநூற் பயிற்சிகள் அவ்வாறே அமைக்கப்பட்டிருத்தலின் இவ்வெண்ணம் வேரூன்றுதல் இயல்பே. ஆயின் இயற்கை பாடநூலைப் பார்த்து இயங்குவதன்று. ஆற்றின் பெருக்கு, காற்றின் போக்கு, விண்மீனின் உள்ளமைப்பு ஆகியவற்றை விளக்கும் சமன்பாடுகளுள் மிகப் பலவற்றிற்குச் சூத்திர வடிவில் விடையே இல்லை. அங்கெல்லாம் எண்களைக் கொண்டு படிப்படியாகக் கணித்தே விடை காணல் வேண்டும். இதனையே எண்முறைக் கணிப்பு என்கிறோம்.

இத்துறை சூத்திரக் கணிதத்திற்குத் தாழ்ந்தது, வெறும் கூட்டற் பெருக்கல் வேலை, எனக் கருதுவார் உளர். அக்கருத்து பிழை என்பதை ஒரு தமிழறிஞரின் வாழ்க்கை வழியே இம்மலரின் வாசகர்க்கு, சிறப்பாக இளைய மாணவர்க்கு, எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கம். அவ்வறிஞர் 1983ஆம் ஆண்டில் பௌதிகத்திற்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார். அவரை வானியற் பௌதிக அறிஞர் என்றே உலகம் அறியும். அவர் கைக்கருவியாகக் கொண்டது தொலைநோக்கி அன்று. தாளும் பேனாவும் கணிகருவியுமே என்பதைப் பலர் அறியார்.

மூடுபனியில் வழி காணல்

முதலில் முறையை அறிந்துகொள்வோம். நாம் இதனை எழுதும் கினிகத்தேனை, மழைக்கும் மூடுபனிக்கும் பெயர்போன ஊர். அண்மையிலுள்ள வட்டவளையோ இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. மூடுபனி இறங்கிய மாலையில் மலைச்சரிவில் நிற்பவனுக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியாது. ஆயினும் தன் காலடியில் நிலம் எப்பக்கம் எவ்வளவு சரிகின்றது என்பது தெரியும். அச்சரிவை அறிந்து ஓரடி வைக்கிறான். அங்கு நின்று புதிய சரிவை அறிந்து மறுவடி வைக்கிறான். இவ்வாறே முழுப் பாதையையும் நடந்து முடிக்கிறான். வகையீட்டுச் சமன்பாடு என்பது ஒவ்வோர் இடத்திலும் சரிவு எவ்வளவு என்று மட்டும் சொல்வது. பாதை முழுவதையும் அது காட்டுவதில்லை. அடியடியாகச் சென்று பாதையை வரைதலே எண்முறைத் தீர்வு.

எடுத்துக்காட்டாக ஒரு கணியம் 1 இல் தொடங்கி, எந்நேரத்திலும் தன் அளவிற்குச் சமமான வீதத்தில் வளர்கின்றது எனக் கொள்வோம். ஓர் அலகு நேரத்தின்பின் அதன் அளவு யாது? உண்மை விடை 2.71828. ஒரே அடியிற் சென்றால் 2 கிடைக்கும். இரண்டு அடிகளிற் சென்றால் 2.25; நான்கு அடிகளில் 2.4414, எட்டு அடிகளில் 2.5658. அடியைப் பாதியாக்குந்தோறும் பிழையும் ஏறத்தாழப் பாதியாகின்றது. பொறுமை இருந்தால் உண்மையை நெருங்கலாம் என்பது முதற் பாடம்.

இரண்டாம் பாடம் அதனினும் சுவையானது. தொடக்கத்திலுள்ள சரிவைக்கொண்டு பாதி தூரம் மட்டும் சென்று பாருங்கள். அங்கு அளவு 1.5, சரிவும் 1.5. இனித் தொடக்கத்திற்கு மீண்டு, நடுவிற் கண்ட அச்சரிவைக்கொண்டு முழுத் தூரத்தையும் ஒரே அடியிற் கடந்தால் 2.5 கிடைக்கும். இங்கு நாம் சரிவைப் பார்த்தது இருமுறையே. எனினும் நான்குமுறை பார்த்துப் பெற்ற 2.4414 ஐ விட இது உண்மைக்கு அண்மையானது. எத்தனை முறை பார்த்தோம் என்பதைவிட எங்கே பார்த்தோம் என்பதே பெரிது. இதனை மாணவர் மனத்திற் கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

இந்துப் பள்ளி மாணவர்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் லாகூரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் புகையிரதக் கணக்குப் பகுதியில் உயர் அலுவலர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழிற் பெயர்த்தவர். சி. வி. இராமன் அவர்கள் சிறிய தந்தையார். குடும்பம் 1918இற் சென்னைக்கு வந்தது. 1922 முதல் 1925 வரை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1930 வரை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். நம் கல்லூரிபோல் இந்து என்னும் பெயர் தாங்கிய பள்ளி ஒன்றன் பழைய மாணவர் அவர் என்பது நமக்கும் மகிழ்ச்சி தருவதே.

1928இல் ஜெர்மானிய அறிஞர் சொமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது அவரைக் கண்டு, இலத்திரன்களைப் பற்றிய புதிய குவாண்டக் கொள்கையை அறிந்துகொண்டார். 1930 யூலை மாத இறுதியிற் பம்பாயிற் கப்பலேறிக் கேம்பிரிட்சுக்குப் பயணமானார். அக்கடற் பயணத்திலேயே அவர் வாழ்வின் தலைசிறந்த கணக்குத் தொடங்கிற்று. அப்போது அவருக்கு இருபது வயதும் நிறைவுறவில்லை.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீன் ஆகின்றது. அதன் ஈர்ப்பைத் தாங்கி நிற்பது இலத்திரன்களின் அமுக்கம். எவ்வளவு திணிவையும் அவ்வமுக்கம் தாங்குமா? விண்மீனின் உள்ளே அமுக்கமும் ஈர்ப்பும் சமநிலையில் நிற்றலைச் சொல்லும் சமன்பாட்டை எம்டன் என்பார் 1907இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருந்தார். எம்டன் என்றதும் நம்மவர்க்குப் போர்க்கப்பலே நினைவிற்கு வரும். இவர் சுவிட்சர்லாந்திற் பிறந்த அறிஞர். அச்சமன்பாட்டில் ஒரு சுட்டி உண்டு. சுட்டி 0, 1, 5 ஆகிய மூன்றற்குமே எளிய சூத்திர விடை உண்டு. இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது சுட்டி 3 ஆகின்றது; அதற்குச் சூத்திரம் இல்லை. மையத்திற் தொடங்கி மேற்பரப்புவரை அடியடியாகக் கணித்தல் வேண்டும். அவ்வாறு கணித்தால் 2.018 என்னும் எண் ஒன்று கிடைக்கும். சந்திரசேகர் கண்ட திணிவெல்லையின் கோவையில் நடுநாயகமாக நிற்பது அவ்வெண்ணே. விண்மீனின் அடர்த்தி எங்கும் சமம் எனக் கொண்டு ஸ்டோனர் முதலியோர் முன்னரே இத்தகைய எல்லையை மதிப்பிட்டிருந்தனர். அடர்த்தி இடத்துக்கிடம் வேறுபடுதலைக் கணக்கிற் கொண்டு எல்லையைத் தெளிவாக நிறுவியது சந்திரசேகரின் பணி.

1931இல் அவர் வெளியிட்ட எல்லை சூரியத் திணிவின் 0.91 மடங்கு. இன்று நூல்களிற் காண்பது ஏறத்தாழ 1.44 மடங்கு. அங்ஙனமாயின் முதற் கணக்குப் பிழையா? இல்லை. ஓர் இலத்திரனுக்கு எவ்வளவு நிறை உரியது என்பதைக் குறிக்கும் எண்ணை அக்காலத்தில் 2.5 எனக் கொண்டனர். பின்னர் 2 எனக் கொண்டனர். எல்லை அவ்வெண்ணின் வர்க்கத்திற்கு நேர்மாறானது. 2.5 ஐ 2 ஆல் வகுத்து வர்க்கித்தால் 1.5625. அதனை 0.91 ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 1.42 வரும். முறை நிலைத்தது, தரவே மாறிற்று. விடை மாறும்போது முறை பிழைத்ததா, தரவு பிழைத்ததா எனப் பிரித்தறிதல் கணிப்போனின் முதற் கடமை.

பத்து விண்மீன்களும் ஒரு கூட்டமும்

1931இன் கணக்கு எல்லையை மட்டும் காட்டியது. எல்லைக்குக் கீழுள்ள மீன்களின் நிலை யாது? இலத்திரன்கள் மையத்தில் விரைந்தும் புறத்தே மெல்லவும் இயங்குதலால், அங்கு ஒரே சுட்டியை வைத்துக் கணக்கிட இயலாது. மைய அடர்த்தி ஒவ்வொன்றிற்கும் சமன்பாட்டைத் தனித்தனியே மையத்திலிருந்து மேற்பரப்புவரை கணித்தல் வேண்டும். 1934இல் சந்திரசேகர் இப்பணியில் இறங்கிப் பத்து விண்மீன்களுக்குக் கணித்தார். அதற்கு வேண்டிய பிரன்ஸ்விகா என்னும் கைப்பிடி சுற்றும் கணிகருவியைப் பெற்றுக்கொடுத்தவர் அக்காலத்தின் தலைசிறந்த வானியலறிஞரான ஆர்தர் எடிங்டன். அவர் அடிக்கடி சந்திரசேகரின் அறைக்கு வந்து கணக்கின் போக்கைக் கேட்டறிந்து செல்வார்.

1935 சனவரி 11ஆம் நாள் இலண்டனில் அரச வானியற் கழகத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை வாசித்தார். எல்லையைக் கடந்த திணிவுடைய மீன் வெண்குறுமீனாக அமைதியுற முடியாது. அதன் கதி வேறு என்பதே முடிவு. அடுத்து எழுந்தவர் எடிங்டன். மீன் இவ்வாறு பொருந்தாவகையில் நடப்பதை இயற்கை விதியொன்று தடுத்தே தீரும் என்று கூறி அவையைச் சிரிக்கவைத்தார். எண்களிற் பிழை கண்டாரல்லர். எண்களுக்கு அடிப்படையான கொள்கையே பிழை என்றார். எடிங்டனின் புகழ் பெரிது. இளைஞரோ இருபத்து நான்கு வயதினர், அயல்நாட்டவர். பௌதிக அறிஞர் சிலர் தனிமையிற் சந்திரசேகர் பக்கமே நின்றனர். வெளிப்படையாகப் பேச முன்வந்தாரல்லர்.

இங்கு அவர் செய்ததைக் கவனித்தல் வேண்டும். எடிங்டனைப் பழித்தாரல்லர், தம் எண்களை மாற்றினாருமல்லர். 1939இல் விண்மீன்களின் அமைப்புப் பற்றிய முதல் நூலிற் கணக்கு முழுவதையும் பதிந்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். எடிங்டனின் நூற்றாண்டு நிறைவை ஒட்டி 1982இல் கேம்பிரிட்சில் அவரைப் போற்றிச் சொற்பொழிவும் நிகழ்த்தினார். காலம் எண்களின் பக்கமே தீர்ப்பளித்தது. எல்லையை மீறிய மீன்கள் நியூத்திரன் மீன்களாகவும் கருந்துளைகளாகவும் ஆதல் இன்று யாவரும் அறிந்தது. கணக்கு எவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. பெரியோர் சிரித்தாலும் 2.018 அங்கு 2.018 ஆகவே நிற்கும்.

எங்கே பார்ப்பது?

1937 முதல் 1995 ஓகஸ்ட் 21இல் இறக்கும்வரை சந்திரசேகர் சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராகவே இருந்தார். ஒரு துறையிற் பல்லாண்டு உழைத்தல், அதனை ஒரு பெருநூலாக எழுதி முடித்தல், பின் மற்றொரு துறைக்குச் செல்லல் என்பது அவர் வழக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மேரிலாந்திலுள்ள அபடீன் படைக்கல ஆய்வுநிலையத்தில் எறிபடை பற்றிய கணிதத்திலும் உழைத்தார். நம் கினிகத்தேனைக்கு அண்மையிற் கெசல்கமு ஓயாவில் வீழும் அபடீன் நீர்வீழ்ச்சியின் பெயரே அதற்கும். புகழ்பெற்ற ஏனியாக் என்னும் இலத்திரன் கணிப்பொறி அந்நிலையத்தின் அட்டவணைகளைக் கணிப்பதற்கென்றே உருவாக்கப்பட்டு 1946இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

1943க்கும் 1950க்கும் இடையில் அவர் ஆராய்ந்தது ஒளி வளிமண்டலத்தினூடு செல்லும் வகை. ஓரிடத்தில் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வருகின்றது. எல்லாத் திசைகளிலும் சிதறுகின்றது. ஆகவே சமன்பாட்டினுள் எல்லாத் திசைகளுக்குமான தொகையீடு ஒன்று புகுந்துவிடுகின்றது. தேட வேண்டிய விடையே அத்தொகையீட்டினுள் அகப்பட்டுக் கிடக்கின்றது. இம்முடிச்சை அவிழ்க்கும் வழியை 1943இல் இத்தாலிய அறிஞர் விக் சுட்டினார். சந்திரசேகர் அதனைப் பெருமுறையாக வளர்த்தார்.

அவ்வழியின் உயிர்நிலை காவுசு கண்ட ஒரு விதி. அதனைத் தேயிலை மலையொன்றை வைத்து விளக்குவோம். நீண்ட மலையொன்றின் அகலம் இடத்துக்கிடம் மாறுகின்றது. இரண்டே இடங்களில் அகலத்தை அளந்து சராசரி அகலம் காணல் வேண்டும் என்றால் எங்கே அளப்பது? இரு முனைகளிலும் அளப்போம் என்பர் பலர். நீளத்தை 1 எனவும், தூரத்தின் கனத்திற்குச் சமமாக அகலம் மாறுகின்றது எனவும் கொண்டால், உண்மைச் சராசரி 0.25. முனைகளில் அளந்தவனுக்குக் கிடைப்பது 0 உம் 1 உம், சராசரி 0.5. உண்மையின் இருமடங்கு! இனி 0.2113 என்னும் தூரத்திலும் 0.7887 என்னும் தூரத்திலும் அளந்து பாருங்கள். முதலாவதன் கனம் ஏறத்தாழ 0.0094; இரண்டாவதன் கனம் 0.4906. இவற்றின் சராசரி 0.25. பிழையே இல்லை. மூன்றாம்படி வரையுள்ள எந்தச் சார்பிற்கும் இவ்விரு புள்ளிகள் சரியான விடையையே தரும். அளவையாளர் எண்ணிக்கை இரண்டே, இடத்தேர்வுதான் வேறு.

சந்திரசேகர் ஒளியின் எல்லையற்ற திசைகளுக்குப் பதிலாக, காவுசு விதி காட்டும் சில திசைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். உடனே தொகையீடு சில உறுப்புக்களின் கூட்டலாயிற்று. சிக்கலான சமன்பாடு எளிய வகையீட்டுச் சமன்பாடுகளின் தொகுதியாயிற்று. திசைகளைக் கூட்டக் கூட்ட அண்ணளவு உண்மையை நெருங்கும். இவை 1950இல் வெளிவந்த கதிர்வீச்சுப் பெயர்ச்சி பற்றிய நூலில் உள்ளன. இத்தகைய முறை பின்னர் அணுவுலைகளில் நியூத்திரன்களின் போக்கைக் கணிப்பதற்கும், புவியின் வளிமண்டலத்தை ஆராய்வதற்கும் பயன்பட்டு வருகின்றது.

முழுப் பேர்

இனி நாம் கூறப்போவது கணித நூல்களில் அருகியே காணப்படுவது. இவ்வட்டவணைகளின் எண்களை இருந்து கணித்தவர் யார்? 1948இல் இருபது வயதளவிலான டொனா எல்பேட் என்னும் பெண்மணி, கல்லூரிப் பட்டம் எதுவுமின்றி, சந்திரசேகரிடம் கணிப்பாளராக வேலைக்கு அமர்ந்தார். ஏறத்தாழ முப்பதாண்டுகள் அப்பணியில் நிலைத்தார். அக்காலத்திற் கணிப்பாளர்களின் பெயர்கள் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. சந்திரசேகரோ அவரைக் கூட்டாசிரியராக வைத்துப் பதினெட்டுக் கட்டுரைகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று 1954இல் வெளிவந்த பகல்வானின் ஒளியும் முனைவாக்கமும் பற்றிய கட்டுரை. வானில் ஒளி முனைவாக்கமின்றி நிற்கும் மூன்று இடங்களை முன்னோர் கண்டிருந்தனர். ஒளி ஒருமுறையே சிதறும் எனக் கொண்ட பழைய கணக்கால் அவற்றை விளக்க இயலவில்லை; பன்முறைச் சிதறலைக் கொண்ட புதிய கணக்கு விளக்கிற்று.

1961இற் பாய்பொருள்களின் உறுதிநிலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. கீழே சூடேறும் பாய்மம் எப்போது அமைதி குலைந்து சுழலத் தொடங்கும் என்பது அந்நூலின் கேள்விகளுள் ஒன்று. இரு திண்ம மேற்பரப்புக்களுக்கு இடைப்பட்ட படையாயின் இரேலி எண் ஏறத்தாழ 1708 ஐ அடையும்போது அது நிகழும். சுழற்சியும் காந்தப்புலமும் சேர்ந்தால் நிலை என்னாகும் என்பதற்கு வேண்டிய எண்களைக் கணித்தவர் எல்பேட். அவ்வெண்களினூடு புதியதொரு போக்கைக் கண்டவரும் அவரே. அதனைச் சந்திரசேகர் நூலின் அடிக்குறிப்பில் மறைக்காமற் பதிந்தார். 2022இல் ஹோன், ஓர்னூ என்னும் இரு அறிஞர், கோள்களின் காந்தப்புலத்தை ஆராயுங்கால் அக்குறிப்பைப் பின்பற்றிச் சென்று, அவ்வெல்லைக்கு ‘எல்பேட் வீச்சு’ எனப் பெயரிட்டனர். அறுபதாண்டுகளின்பின் ஓர் அடிக்குறிப்புப் பேசிற்று.

நம் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லிற்குத் தனிப் பொருள் உண்டு. ஒரு நாள் உழைப்புக் கணக்கிற் பதியப்படுதலே பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். மழையிலும் குளிரிலும் மலையேறிய தாய்மார், தராசின் முள்ளையும் எழுதுவோன் பேனாவையும் மாறிமாறிப் பார்த்து நிற்பதன் பொருளை மலைநாட்டில் வளர்ந்த எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை. உழைத்தவர்க்கு முழுப் பேர் எழுதுதல் அறம் மட்டுமன்று, அறிவியலுக்கும் இன்றியமையாதது. அடிக்குறிப்பு எழுதப்படாதிருந்தால் அவ்வுண்மையைக் கண்டவரின் பெயரை 2022இல் எவர் அறிந்திருப்பார்?

மாணவர்க்குச் சில சொல்

பெருநகரும் பெரும் பொறியும் இருந்தாலன்றி ஆராய்ச்சி இல்லை என்று மலைநாட்டு மாணவர் எண்ணி மனந்தளர்தல் வேண்டா. கைப்பிடி சுற்றிய கருவியொன்றாற் கணித்ததே விண்மீனின் விதியை உரைத்தது. இன்று நம் கையிலுள்ள தொலைபேசி அக்கருவியினும் பன்மடங்கு வல்லது. குறைவது பொறியன்று; எங்கே பார்ப்பது என்னும் ஆய்வும், பார்த்ததை மாற்றாது எழுதும் நேர்மையுமே.

ஆகவே மூன்றைக் கடைப்பிடிக்க. ஒன்று, அடியைப் பாதியாக்கி மீண்டும் கணித்துப் பார்க்க. இரு விடைகளும் ஒத்துவரும்வரை எதனையும் நம்பற்க. இரண்டு, வழிமுறையை முழுமையாக எழுதி வைக்க. 1983இற் கருந்துளைகளைப் பற்றிய நூலை வெளியிட்டபோது, எவரும் சரிபார்க்கும்பொருட்டு, ஏறத்தாழ 600 பக்கங்களிலும் ஆறு குறிப்பேடுகளிலும் எழுதிய தம் கணக்குகளைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைத்தார் சந்திரசேகர். விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை மறைக்கும் நம் மாணவர் இதனை நினைக்க. மூன்று, உடனுழைத்தவர் பெயரை ஒருபோதும் விடற்க.

எடிங்டனின் பெரும்புகழ் கணக்கை வளைக்கவில்லை. எல்பேட் அம்மையாரிடம் பட்டம் இன்மையும் அதனைத் தடுக்கவில்லை. பிறந்த ஊரையும், பெற்ற பெயரையும், பேசும் மொழியையும் கேளாத நீதிமன்றம் ஒன்று உண்டென்றால் அது கணக்கே. அம்மன்றத்தின் வாயில் கினிகத்தேனைக்கும் திறந்தே கிடக்கின்றது. நம் இளைஞர் தாளும் பேனாவும் ஏந்தி அதனுட் புகுவாராக.